மஞ்சள் பாக்கெட்டும் ஒரு பாட்டில் பீரும்

மார்ச் 2

லிஃப்ட்காரருக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அப்படி நினைத்தேன் இப்படி நினைத்தேன் என்று பேச்சு வரக்கூடாது. ஒரு வேலை ஆக வேண்டும். அதற்கு உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

வந்து சேர்ந்தேன் என்று போட்ட அட்டைக்கு நீங்கள் பதில் போடவில்லை. போகட்டும். உங்கள் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். தீவு என்றதும் படத்தில் வருகிற மணலும் மரமும் நினைப்பீர்கள். இங்கே ஒரு மரம் கிடையாது. பாறை, புல், பறவை, காற்று, நடுவில் இந்த வானிலை நிலையம். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். வந்த மறுநாள் காலையில் சமையலறைக் கதவைத் திறந்தால் வானம் தரைவரைக்கும் இறங்கி நிற்கிறது. கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். இருபது வருஷம் ஃபாக்டரி கேன்டீனில் சுவரைப் பார்த்துச் சமைத்தவளுக்கு இவ்வளவு வெளி எதற்கு என்று பயமாகக்கூட இருந்தது. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் கிளம்பியதில் வந்த சண்டையை மறந்துவிடுவேன். விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே எல்லோருக்கும் மூன்று வேளையும் ரொட்டி வேண்டும். அரிசியைக் கண்டால் மருந்தைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். நான் வந்த அன்றே ஈஸ்ட் டப்பாக்களை எல்லாம் அடுப்புக்கு மேல் இருக்கும் இரும்புத் தட்டில் அடுக்கினேன். நம் கேன்டீனில் ஈரம் அதிகம், அங்கே அப்படித்தான் வைப்போம், கை தானாகப் போய்விட்டது. இங்கே அந்த அடுப்பு ராப்பகலாக எரிகிறது என்று யோசிக்கவில்லை. ஈஸ்ட் மொத்தமும் வெந்து செத்துவிட்டது. ஒரு சீசனுக்கான ஈஸ்ட். புதிதாகக் கேட்டால் அடுத்த சீசன் சாமானோடுதான் வருமாம். நான் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்பீர்கள். உயிருள்ள எதையும் வீட்டுப் பார்சலில் தீவுக்கு அனுப்பக்கூடாது, பறவைகளுக்கு ஆகாதாம். ஈஸ்ட் உயிருள்ளதாம். என்னிடம் வந்தபின் இல்லை.

அதிலிருந்து எதையும் சூட்டின் பக்கத்தில் வைப்பதில்லை. மாவு, வெண்ணெய், பாட்டில், எல்லாவற்றையும் குளிர் அறையில் பூட்டிவிட்டேன்.

இப்போது எல்லோரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு என்னை முறைக்கிறார்கள். நிலையத் தலைவர் நல்ல மனுஷர்தான், ஆனால் சுற்றி வளைக்க மாட்டார். "அடுத்த படகு வரைக்கும் பாப்பேன்மா. அதுக்குள்ள வாயில வைக்கிற மாதிரி ஒரு ரொட்டி வரலைன்னா வேற ஆளை அனுப்பச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

ஸ்டோர் அறையைக் குடைந்ததில் எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் விட்டுப்போன பெட்டிகள் கிடைத்தன. பீர் ரொட்டி மிக்ஸ். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று விதம், ஒவ்வொன்றும் பெட்டி பெட்டியாக. ஒரு பாக்கெட் மிக்ஸில் ஒரு பாட்டில் பீரை ஊற்றிக் கிளறி ஓவனில் வைக்க வேண்டியதுதான், ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம் என்று போட்டிருக்கிறது. இப்படி ஒரு ரொட்டியை நான் செய்ததும் இல்லை, தின்றதும் இல்லை.

சிக்கல் பீரில். இங்கே பீர் பங்குக் கணக்கு. ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு பாட்டில், அவ்வளவுதான். அந்த இரண்டு பாட்டிலுக்காகத்தான் பலர் வாரத்தையே ஓட்டுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். முதல் ரொட்டி என் பங்கு பாட்டிலில். அது நன்றாக வந்தால் ஆளுக்கு ஒன்று தருவார்கள். வராவிட்டால் ஒரு சொட்டு கிடையாது. அடுத்த படகு வரைக்குமான என் பங்கை ஈஸ்ட் போனதற்கு ஈடாக இவர்களுக்கே கொடுத்துவிட்டேன், ஒரு பாட்டில்தான் மிச்சம், மூன்று விதத்தையும் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு வழி இல்லை. ஒரே தடவை.

இந்த மூன்று பாக்கெட்டும் நம் பக்கத்துப் பெரிய கடையில் கிடைக்கும். வாங்கிச் செய்து பாருங்கள். எது நன்றாக எழும்புகிறது, எப்படிச் செய்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு படகு, வந்தால் சாமான் இறக்க இரண்டு நாள் நிற்கும், கடிதம் அதில்தான் வரும். ரேடியோவில் வீட்டு விஷயம் பேசக்கூடாது.

நான் தோற்றுத் திரும்பினால் உங்களுக்குச் சந்தோஷம் என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கேன்டீன்காரி


மார்ச் 19

கேன்டீன்காரிக்கு,

அட்டைக்குப் பதில் போடாதது வேண்டுமென்றுதான். அதில் பதில் போடும்படி ஒன்றும் இல்லை. வந்து சேர்ந்தேன் என்றால், சரி, சேர்ந்தாய்.

வேலைக்கு வருகிறேன். பீர் வாங்கப் போன கதையை முதலில் கேள். இந்த வயதுவரை அந்தக் கடைப் படி ஏறாதவன். கடைக்காரர் நம் கட்டடத்து மூன்றாம் மாடி, அவருக்கு ரெண்டு தடவை நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். "என்ன சார், வீட்ல விருந்தா?" என்றார். "இல்ல, மாவுல ஊத்த" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் இந்தக் காலத்தில் இப்படித்தான். பாட்டில்களை ஸ்பேனர் பையில் போட்டு மூடி எடுத்து வந்தேன். வீட்டில் வைத்தால் மீட்டர் பார்க்க வருகிறவன்கூட, பெண்டாட்டி ஊரில் இல்லாததும் ஆரம்பித்துவிட்டான் என்பான். அதனால் மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒளித்து வைத்தேன். அந்தச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

சிவப்பு பாக்கெட்டை முதலில் செய்தேன். அழகான படம் போட்டிருந்தது, அதனால். பாட்டிலைத் திறந்ததும் பொங்கி என் சட்டையில் பாதி. மீதியை ஊற்றிக் கிளறி வைத்தேன். அரை மணியில் ஜம்மென்று எழும்பியது. சரி, இவ்வளவுதானா என்று நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் நடுவில் பள்ளம் விழுந்தது. வெட்டினால் உள்ளே களி. தித்திப்பு வேறு. தேன் சேர்த்திருக்கிறார்களாம். பீரின் கசப்பும் தேனும் வாயில் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. வேண்டாம்.

பச்சை பாக்கெட்டில் காய்ந்த இலையும் பூண்டுத் தூளும் போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் எழும்பியது. ருசியும் குற்றமில்லை, முதல் நாள் தின்னலாம். மூன்று வேளையும் பதினொரு பேர் அதையே தின்றால் நான்காம் நாள் உன்னைக் கடலில் தள்ளுவார்கள்.

மஞ்சள் பாக்கெட். இதில் ஒன்றுமே இல்லை. மாவு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, பொங்க வைக்கிற பவுடர். படம்கூட ஒழுங்காக இல்லை. கடைசியாகக் கிடந்தது என்று செய்தேன். அதற்குள் எனக்கு அலுத்துவிட்டது, மேலும் கீழுமாக நாலு கிளறு கிளறிக் கட்டியும் முட்டியுமாக அப்படியே தகர அச்சில் தள்ளினேன். மேலே வெண்ணெயை உருக்கி ஊற்றச் சொல்லியிருந்தது, ஊற்றினேன். நடுத்தர சூடு. ஓவன் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. அது எழும்பியது. முதலில் ஓரங்கள் அசைந்தன. பிறகு வெண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் ஒரு கோடு விழுந்து, அந்தக் கோட்டைப் பிளந்துகொண்டு உள்ளே இருந்த மாவு மேலே வந்தது. மெதுவாக, நிற்காமல். ஆட்களை மேலே ஏற்றுவதற்கு நான் எத்தனை வருஷமாகக் கயிறும் மோட்டாரும் எடைக்கல்லும் வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன். இது எதுவும் இல்லாமல், நான் முகம் சுளித்து வாங்கிய ஒரு பாட்டில் பீரும் ஒரு பாக்கெட் மாவும் என் கண் முன்னால் ஏறின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்து விளக்கை அணைத்துவிட்டு ஓவன் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

வெளியே எடுத்து வைத்தால் அது பேசுகிறது. மேல் ஓடு ஆறும்போது சடசடவென்று சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம். காதை வைத்துக் கேட்டேன். நீ அடுப்படியில் தினமும் இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாயா? ஒரு நாளும் சொன்னதில்லையே.

கீழ்வீட்டு டீச்சர் வாசனை பிடித்து மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள். "அவங்க வந்துட்டாங்களா?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. "இல்ல, நான்தான்" என்றேன். நம்பவில்லை. என்னைத் தாண்டிச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஆக, மஞ்சள் பாக்கெட். வெளிர் நிற பீர். கறுப்பு பீர் ஊற்றினால் கசக்கும், அதையும் பார்த்துவிட்டேன். குத்திப் பார்த்தால் கத்தியில் ஒட்டக்கூடாது. ஆறுவதற்கு முன் வெட்டாதே.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 24

நீங்கள் எழுதிய கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். முட்டாள் மாதிரி கண் கலங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாராம்.

நேற்று செய்தேன். மஞ்சள் பாக்கெட். பங்கு பீர் வெளிர் நிறம்தான். குளிர் அறையிலிருந்து எடுத்து, சொட்டு சிந்தாமல் ஊற்றி, இருபது வருஷக் கைவேலை எல்லாம் காட்டி ஒரு கட்டி இல்லாமல் பட்டு மாதிரி அடித்துக் கலந்தேன். வெண்ணெய் ஊற்றினேன். நீங்கள் சொன்ன அதே சூடு. பத்துப் பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழும்பவே இல்லை. அச்சில் ஊற்றிய உயரத்தைவிட ஒரு விரல் கூடியிருக்கும். வெட்டினால் கத்தி நடுவில் மாட்டிக்கொண்டது. ரேடியோக்காரி எழுந்து போய்ப் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து நடுவில் வைத்தாள்.

தலைவர் வேறு ஆளைக் கேட்டாயிற்று. அடுத்த படகில் வருவாராம். நான் அதே படகில் திரும்புவேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் எழுதிய அந்த ரொட்டி நிஜமாகவே எழும்பியதா? இல்லை, நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு இதுதான் வழி என்று உட்கார்ந்து யோசித்து எழுதினீர்களா? கோடு விழுந்ததாம், பிளந்துகொண்டு வந்ததாம், பேசியதாம். இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல உங்களுக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாக இருங்கள்.


ஏப்ரல் 8

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. அந்த ரொட்டியைப் பொய் என்று சொல்லாதே.

பொய் எழுதத் தோன்றியதா என்றால், தோன்றியது. சிவப்பு பாக்கெட்தான் நல்லது என்று ஒரு வரி போதும், நீ வீட்டில் இருப்பாய். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மேஜைமேல் அந்த ரொட்டி இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ரொட்டிக்காக.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நீ ஜெயிக்கவில்லை என்பதற்காக இல்லை. என் வார்த்தையை நம்பி அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டாய், அதுவும் நான் உண்மையைச் சொல்லி. பொய் சொல்லி இப்படி ஆகியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடியும் மஞ்சள் பாக்கெட் செய்தேன். இப்போது கட்டடத்துக்கே என் ரொட்டி விஷயம் தெரியும், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, பாட்டிலை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தேன். கேள். எழும்பவில்லை. உன்னுடையது போலவே ஒரு விரல், கல். டீச்சர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது.

நேற்றுவரை ஓடிய லிஃப்ட் இன்று நின்றால் நாங்கள் எது கெட்டது என்று தேட மாட்டோம். நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியது என்று கேட்போம். அதே பாக்கெட், அதே அச்சு, அதே ஓவன், அதே கோணல் கை. மாறியது பாட்டில் இருந்த இடம் மட்டும்தான். முதலில் மோட்டார் அறையில் இருந்தது, அங்கே எப்போதும் வெதுவெதுப்பு. இப்போது ஃபிரிட்ஜில். உடனே ஒரு பாட்டிலை மேலே கொண்டுபோய் ஒரு ராத்திரி வைத்திருந்து எடுத்து வந்து செய்தேன். எழும்பியது. அதே கோடு, அதே பிளவு. சில்லென்ற பீரில் அந்தப் பவுடர் விறைத்துப்போகிறது, விழித்துக்கொள்வதற்குள் மேல் ஓடு இறுகிவிடுகிறது. என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்.

நீ ஒரு தடவை சூட்டில் வைத்து ஈஸ்ட்டைக் கொன்றாய். அந்தப் பயத்தில் பீரையும் குளிரில் பூட்டினாய். நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்தேன், அது சூடான இடமாக அமைந்தது. என் வெட்கம் பலித்தது, உன் ஜாக்கிரதை கெடுத்தது. இதை எங்கே போய் முட்டிக்கொள்வது.

இன்னொன்று. பட்டு மாதிரி கலந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதையும் செய்து பார்த்தேன், வெதுவெதுப்பான பீர் ஊற்றி, கை வலிக்க அடித்து. பாதிதான் வந்தது, தின்றால் ரப்பர். உன் கை தேர்ந்த கை, அதுதான் இங்கே தப்பு. என்னை மாதிரி சமையல் தெரியாதவன் அலுத்துப்போய்க் கிளறுவது போலக் கிளறு. உலர் மாவு மறைந்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். கட்டி இருந்தால் இருக்கட்டும்.

இந்தக் கடிதமும் நீ ஏற வேண்டிய படகும் ஒன்றாகத்தான் அங்கே வந்து சேரும். படகு இரண்டு நாள் நிற்கும் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு நாளில் ஒரே ஒரு பாட்டில் உனக்குக் கிடைத்தால் போதும். பெட்டியைக் கட்டியபடியே வைத்துவிட்டு, இதைச் செய். நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, மறைக்க மாட்டேன். இப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 15

என்னங்க,

படகு கிளம்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகு நேற்றுக் காலை வந்தது. புதுச் சமையல்காரர் இறங்கினார், என்னைவிட மூத்தவர். கடலில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, "எவன் இந்த ஊருக்கு ரொட்டி சுட வருவான்" என்று ஒரு ஸ்டூலில் சாய்ந்தார். நான் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, சாவிக் கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அப்போதுதான் ரேடியோக்காரி தபால் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து வந்தாள். நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். புதியவர் கஞ்சிக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தார்.

இந்த வாரத்து என் பங்கில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அதை எடுத்து எங்கே வைத்தேன் தெரியுமா? ஈஸ்ட்டைக் கொன்றேனே, அதே இரும்புத் தட்டின் ஓரத்தில். ரொம்பச் சூடாகிவிடக்கூடாது என்று நடுநடுவே கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், குழந்தைக்குப் பால் புட்டியைப் பார்ப்பது போல. தலைவர் உள்ளே வந்து, "என்னம்மா, கிளம்பலையா?" என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்" என்றேன்.

கிளறும்போதுதான் எனக்குக் கஷ்டம். கட்டி தெரிகிறது, கை அடிக்கத் துடிக்கிறது. இருபது வருஷம் ஒரு கட்டிகூட விடாத கை. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைத் தொட்டியில் எறிந்தேன், திரும்ப எடுக்க முடியாதபடி. ஓவனில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஆமாம், நானும் அணைத்தேன். நீங்கள் பார்த்ததைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வெண்ணெய்க்கு நடுவே அந்தக் கோடு விழுந்தது. நான் மூச்சுவிடவில்லை. கோடு அகலமானது, உள்ளிருந்து வெள்ளையாக மாவு எழுந்து, அச்சைத் தாண்டி, இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கில் ரொட்டி சுட்டிருக்கிறேன். கேன்டீனில் ஓவனுக்குள் வைப்போம், மணி அடிக்கும், எடுப்போம், அடுத்த தட்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று தரையில் உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்? முதல் தடவையாக நேற்றுதான் பார்த்தேன். நான் செய்துகொண்டிருந்த வேலை இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அழுதேன். புதியவர் இருட்டில் அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மா, பயப்படாதீங்க, எழும்புது" என்றார். அவரும் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

வாசனை எப்படித்தான் போயிற்றோ. காற்றை அளக்கிறவர், எஞ்சின் அறைக்காரர், படுக்கையில் இருந்தவர்கள் எல்லோரும் காலுறையோடு ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். ரொட்டியை வெளியே எடுத்து வைத்தேன். "பேசாதீங்க, கேளுங்க" என்றேன். சடசடவென்று அது வெடிக்க ஆரம்பித்தது. வெளியே காற்று கூரையைப் பிய்க்கிறது, உள்ளே அத்தனை பேரும் ஒரு ரொட்டியின் சத்தத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். கடவுள் இந்த வழியாகப் போயிருந்தால் நின்று என்னவென்று விசாரித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

தலைவர் வெட்டினார். ரேடியோக்காரி இரண்டாவது துண்டையும் தின்றுவிட்டு எழுந்து வெளியே போனாள். பிஸ்கட் டின்னுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மேஜை நிறையப் பாட்டில். தலைவர் கடைசியாகத் தன்னுடைய இரண்டையும் வைத்துவிட்டு, "மோட்டார் ரூம் மாதிரி இங்க ஒரு இடம் பாத்து வைங்கம்மா" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியிருந்தேன். திட்டின பகுதியைத் தவிர.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். புதியவர் அடுத்த படகு வரைக்கும் இருக்கட்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அந்தப் படகுதான் கடைசி. அதற்குப் பிறகு காற்றுக் காலம், ஐந்து மாதம் எதுவும் வராது, போகாது, கடிதமும் கிடையாது. நான் இருந்தால் கடல் திறக்கும் வரை இருக்க வேண்டும். வந்தால் அந்தப் படகில் வந்துவிடலாம், புதியவர் இருந்துகொள்வார், இவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். என்னைப் போகச் சொல்ல இங்கே யாரும் இல்லை. இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களும் இல்லை. முடிவு என்னுடையது என்கிறார்கள்.

எனக்கு இருக்க வேண்டும் போல் இருக்கிறது. உங்களைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு. போன தடவை உங்களைக் கேட்காமல் கிளம்பினேன், கேட்டிருந்தாலும் வேண்டாம் என்பீர்கள் என்பதால். இந்தத் தடவை கேட்கிறேன். வா என்று எழுதினால் வந்துவிடுவேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள்,
கேன்டீன்காரி


ஏப்ரல் 29

அம்மணிக்கு,

முதலில் வா என்றுதான் எழுதினேன். ஒரே வார்த்தை, நல்ல எழுத்தில். நாள் முழுக்க அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பழைய ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட் வேலை, எட்டாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தபோதுகூடப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உன்னிடம் கேட்டு வாங்கிய வரம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். இருட்டில் ஓவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவன் நான். உன் வேலையைப் பார்த்து நீயே இப்படி மலைத்து நின்றதை நான் பார்த்ததில்லை. பார்த்தது, வாந்தி எடுத்துவிட்டு வந்த யாரோ ஒரு மனுஷர். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சிரிக்காதே.

அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். நீ பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்வாய், அப்படி ஒன்றும் இல்லை, முழுக்க என் சுயநலம். நீ இப்போது வந்துவிட்டால், மேஜை நிறையப் பாட்டிலை விட்டுவிட்டுப் பாதியில் வந்த ஒருத்தியோடுதான் நான் மிச்ச காலமெல்லாம் இருக்க வேண்டும். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய். மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய், வைத்துக்கொள்ளவும் மாட்டாய். ஆனால் ஓவனை மூடும்போதெல்லாம் உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்த முழு ஆள் வேண்டும். தரையில் உட்கார்ந்து பார்த்தவள். அவள் அங்கே வேலையை முடித்துவிட்டு வரட்டும்.

அதனால் இரு. கேட்டதற்கு நன்றி. நீ கேட்டதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது என்று இந்த வரியை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் பாக்கெட் செய்கிறேன். மூன்றாம் மாடிக் கடைக்காரர் இப்போது என்னைக் கண்டதுமே பாட்டிலை எடுத்து வெயிலில் வைத்துவிடுகிறார். நேற்று அவர், டீச்சர், இன்னும் யார் யாரோ நம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, கோடு விழுவதைப் பார்த்தோம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை. பழக வேண்டாம் என்றும் இருக்கிறது.

ஐந்து மாதம் கடிதம் வராது, போகாது என்று எழுதியிருக்கிறாய். வராததுதான் கஷ்டம். போகாவிட்டால் என்ன, நான் எழுதிக்கொண்டே இருப்பேன், இங்கே சேர்ந்துகொண்டே இருக்கட்டும். கடல் திறந்ததும் முதல் படகில் மொத்தமாகக் கட்டி அனுப்புகிறேன். அவற்றுக்குப் பதில் எழுத உட்கார வேண்டாம். அந்தப் படகிலேயே ஏறிக்கொள், வழியில் படித்துக்கொண்டு வரலாம்.

உன் லிஃப்ட்காரன்